பத்தாவது ஆள்

ஜூன் 3

அக்கா,

நலம், நலமறிய ஆவல் எல்லாம் போட்டதாக நினைத்துக்கொள். அதை எழுதும் நேரத்தில் உருப்படியாக இரண்டு விஷயம் எழுதலாம்.

போனில் நான் கத்துகிறேனாம். கையால் எழுதினால்தான் எனக்கு நிதானம் வருமாம். இனிமேல் ஊசி விவகாரம் முழுக்கக் கடிதத்தில்தானாம். உன் சட்டம், சரி. ஆனால் எழுதும்போதும் கத்த முடியும். இந்தத் தாளின் பின்பக்கத்தைத் தடவிப் பார், பேனா எவ்வளவு அழுந்தியிருக்கிறது என்று தெரியும்.

அப்பா மூன்றாவது ஊசியை இன்னும் போட்டுக்கொள்ளவில்லை. அறுபத்து மூன்று வயது, சர்க்கரை, போன வருஷம் நெஞ்சில் சளி கட்டிப் படுத்த படுக்கை. இத்தனைக்கும் நடுவில் நாள் முழுக்க லிஃப்ட் கூண்டுக்குள் அடைந்து ரிப்பேர் பார்க்கிறார். புது வகைக் கிருமி நான் இருக்கும் ஊருக்கு வந்துவிட்டது. உங்கள் பக்கம் வர அதிக நாள் ஆகாது.

அவருக்கு இதைப் படித்துக் காட்டு. லேபில் என் வேலையே இதுதான்: ஊசி போட்டவர்களின் ரத்தத்தை எடுத்து, சின்னச் சின்னக் குழிகள் இருக்கும் பிளாஸ்டிக் தட்டில் புது வகைக் கிருமியோடு மோதவிட்டு, எவ்வளவு தடுக்கிறது என்று அளப்பது. பூசி மெழுக எனக்கு வராது. இப்போது கிடைக்கும் ஊசி பழைய கிருமியைப் பார்த்துச் செய்தது. புதியதற்கு அது கச்சிதமாகப் பொருந்தவில்லை. பொருந்தக்கூடிய புது ஊசி தயாராகிக்கொண்டிருக்கிறது. ஆனாலும் காத்திருக்காமல், இருப்பதை இப்போதே போட்டுக்கொள்ள வேண்டும்.

இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? போட்டதும் எழுது.

தம்பி


ஜூன் 15

அன்புள்ள அவசரத்துக்கு,

நாங்கள் நலம். நீ நலமா? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? ஒன்றன் மேல் ஒன்றாகக் கையுறை மாட்டி விரல் நுனியெல்லாம் தோல் உரிந்ததே, ஆறிவிட்டதா? பார், இதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

உன் கடிதத்தை அப்பாவுக்கு ஒரு எழுத்து விடாமல் படித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடித்ததும், "அந்தப் பொருந்தவில்லைங்கிற இடத்தை இன்னொரு தடவை படி" என்றார். படித்தேன்.

"பாத்தியா, என் பையன் மறைக்காம சொல்லிட்டான். மத்தவன்லாம் மழுப்புறான். மாடல் மாறிப்போன லிஃப்டுக்குப் பழைய ஸ்பேரை நான் என்னைக்காவது மாட்டியிருக்கேனா? மாட்டினா ஓடும். ஆனா ரெண்டு மாடிக்கு நடுவுல போய் நிக்கும். புதுசு வரட்டும், போட்டுக்கறேன்."

"அப்பா, அவன் இப்பவே போடச் சொல்லித்தான் எழுதியிருக்கான்."

"அது பாசத்துல சொல்றது. முன்னாடி சொன்னதுதான் டெக்னிக்கல்."

நான் என்ன செய்யட்டும், சொல்.

இங்கே வேறு விசேஷம் இல்லை. பஸ் ஸ்டாண்டில் என் அறிவிப்புக் கண்ணாடிக் கூண்டுக்கு ஜன்னல் வைக்கிறேன் என்றார்கள், வைக்கவில்லை. ஒரே மைக்தான், காலையில் நான், மதியத்துக்கு மேல் கரகரப்பு. (என்னோடு வேலை பார்க்கிறவருக்கு நாங்கள் வைத்த பெயர். அவர் குரல் கேட்டால் உனக்கே புரியும்.) மூன்றாம் பிளாட்பார வண்டிக்கு இப்போது இரண்டு ஊர் கூடுதல். மொத்தம் பதினொரு ஊர். ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிறேன். டிரைவர்கள் கைதட்டுகிறார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஜூன் 20

அக்கா,

நல்ல வேளை, இது போன் இல்லை.

நான் எழுதியதில் 'ஆனாலும்' என்று ஒரு வார்த்தை இருந்ததே, அது எங்கே போயிற்று? அதற்கு முன்னால் இருப்பது டெக்னிக்கல், பின்னால் இருப்பது பாசமா? எனக்குப் பாசத்தில் எழுதத் தெரிந்தால் இந்த வேலைக்கே வந்திருக்க மாட்டேன்.

எண்ணாகவே சொல்கிறேன், எண்ணுக்காவது மரியாதை கொடுப்பார். புது வகைக்கு எதிரே, ஊசி போட்டவர் ரத்தத்தின் தடுக்கும் திறன் எட்டில் ஒன்றாகக் குறைகிறது. ஆனால் இது தட்டில் நடப்பது. மனிதன் தட்டு இல்லை. நான் அளப்பது வாசலில் நிற்கும் முதல் காவலை மட்டும். உடம்புக்குள்ளே இரண்டாவது காவல் ஒன்று உண்டு. கிருமி சட்டையை மாற்றிக்கொண்டு வந்தாலும் அது முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடும். அதனால்தான் ஊசி போட்டவருக்குக் காய்ச்சல் வந்தாலும் பெரும்பாலும் ஆஸ்பத்திரி வரைக்கும் போவதில்லை. எட்டில் ஒன்று திறன் என்றால் எட்டில் ஒன்று பாதுகாப்பு என்று அர்த்தமே இல்லை.

லிஃப்ட் பாஷையிலேயே கேள்: சரியாகப் பொருந்தாத பிரேக் இருக்கும் லிஃப்டும், பிரேக்கே இல்லாத லிஃப்டும் ஒன்றா? "ரெண்டுலயும் ஆளை ஏத்த மாட்டேன், ரிப்பேர்னு போர்டு மாட்டிட்டு வந்துடுவேன்" என்பார். அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். அப்படிச் சொன்னால் இதைச் சொல்: நீங்கள் ஏற்கெனவே அந்த லிஃப்டுக்குள்தான் நிற்கிறீர்கள்.

போட்டாரா என்று மட்டும் எழுது.

தம்பி


ஜூலை 7

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் நலத்தை நீ எழுதுவதில்லை, கோபத்தை வைத்து நானே ஊகித்துக்கொள்கிறேன். கோபம் நன்றாக இருக்கிறது, அதனால் நீயும் நன்றாக இருக்கிறாய்.

போர்டு மாட்டுவேன் என்றுதான் சொன்னார், அட்சரம் பிசகாமல். நீ சொல்லிக்கொடுத்ததைச் சொன்னேன். தட்டில் கை கழுவிவிட்டு எழுந்து போனார். சரி, மனசு மாறிவிட்டது என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் டிவியில் விவாதம். கோட்டு போட்ட ஒருவர், "இந்த ஊசி புது வகைக்கு வேலையே செய்யாது" என்கிறார். கண்ணாடி போட்ட ஒருவர், "முழுப் பாதுகாப்பு, கவலையே வேண்டாம்" என்கிறார். இருவர் கையிலும் ஒரே படம். நடுவில் இருப்பவர், "எட்டில் ஒன்று! எட்டில் ஒன்று! பதில் சொல்லுங்கள்!" என்று கத்துகிறார்.

அப்பா நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்துவிட்டார். "என் பையன் சொன்ன அதே நம்பர்! டிவிக்கு முன்னாடியே நமக்குச் சொல்லிட்டான்!"

மறுநாள் வேலைக்குப் போய் அங்கேயும் சொல்லியிருக்கிறார். அவரோடு இருக்கும் ஆட்கள் அத்தனை பேரும் இப்போது புது ஊசிக்குக் காத்திருக்கிறார்கள். "அண்ணன் பையன் லேப்ல இருக்கான், தெரியாமலா சொல்வான்" என்கிறார்களாம். உனக்கு இங்கே நல்ல பெயர்.

போன வாரம் டியூட்டி முடிந்து சுகாதார நிலையத்துக்குப் போயிருந்தேன். நர்ஸ் நல்ல மாதிரி, ஆனால் பயப்படுகிறாள். "ஒரு குப்பில பத்து பேருக்கு மருந்துக்கா. திறந்தா அன்னைக்கே முடிக்கணும். உங்க ஒருத்தருக்காகத் திறந்தா மிச்சம் குப்பைக்குத்தான். போன மாசம் ரெண்டு டோஸ் வீணாப்போச்சுன்னு மெமோ வாங்கியிருக்கேன். பத்து பேர் சேரட்டும், நானே போன் பண்றேன்" என்றாள். முன்பெல்லாம் காலையிலேயே பத்து பேர் சேர்ந்துவிடுவார்களாம். டிவி பார்த்துப் பார்த்து எல்லாரும் நின்றுவிட்டார்கள். நம்பர் கொடுத்துவிட்டு வந்தேன்.

மழை ஆரம்பித்துவிட்டது. கூண்டில் எல்லா இடுக்கையும் அடைத்துவிட்டார்கள். மூச்சு முட்டுகிறது.

அக்கா


ஜூலை 12

அக்கா,

அந்தக் கண்ணாடிக்காரர் என் டைரக்டர். கையில் இருந்த படம் என் தட்டு. நான்கு வாரம் இரவு பகலாக நின்று எடுத்த எண்ணை ஒருவர் தடியாக்கி அடிக்கிறார், இன்னொருவர் தலையணையாக்கித் தட்டிக்கொடுக்கிறார். மறுநாள் அவரிடமே கேட்டேன்: "சார், 'முழுப் பாதுகாப்பு'ன்னு நாம எங்கயும் எழுதலையே?"

"தம்பி, டிவில 'ஆனாலும்' சொன்னா மைக்கைப் பிடுங்கிடுவாங்க" என்றார்.

டிவியில் மட்டும்தானா? நம் வீட்டிலும் அதே கதை.

குப்பி விஷயத்தைப் படித்து ரத்தம் கொதித்தது. டோஸை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஆளை வீணாக்குகிறார்கள். ஒரு குப்பி வீணானால் யாரும் சாக மாட்டார்கள். திருப்பி அனுப்பியவர் மறுபடி வராவிட்டால்? இதை மெமோ எழுதுகிறவனின் மண்டையில் யார் ஏற்றுவது? நர்ஸிடம் கண்டிப்பாகச் சொல்லிவை: அப்பா மனசு மாறி வந்து நிற்கும் நாளில், அவர் ஒருவருக்காக ஆனாலும் திறந்துவிட வேண்டும்.

அப்பாவின் ஆட்களிடம் நான் அப்படிச் சொல்லவில்லை என்று சொல். எனக்கு அந்த நல்ல பெயர் வேண்டாம்.

தம்பி


ஆகஸ்ட் 4

அன்புள்ள தம்பிக்கு,

நலம், அலுப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. நீ?

தாமதத்துக்குக் காரணம், நல்ல செய்தியோடு எழுதலாம் என்று காத்திருந்தேன். புது ஊசி எங்கள் நிலையத்துக்கு வந்துவிட்டது. நர்ஸ் போன் செய்தாள்: "எட்டு பேர் இருக்காங்கக்கா. உங்க வீட்டுலேர்ந்து ரெண்டு பேர் வந்தா பத்து. ஞாயித்துக்கிழமை திறந்துடுவேன்." அப்பாவும் சரி என்றார். சனிக்கிழமையே சட்டையை இஸ்திரி போட்டு ஹேங்கரில் மாட்டினார். ஊசிக்குத் தோதாக அரைக்கை சட்டை.

சாயங்காலம் டிவியைப் போட்டார். அடுத்த வகை ஒன்று வந்துவிட்டதாம். புது ஊசியும் அதற்குச் சரியாகப் பொருந்தாதாம். கோட்டுக்காரருக்கு முகமெல்லாம் சிரிப்பு. அப்பா எழுந்து போய் ஹேங்கரிலிருந்து சட்டையை எடுத்து மடித்துப் பீரோவில் வைத்தார்.

"என்னப்பா?"

"அதுக்கும் பொருந்துறது வரட்டும். இவ்வளவு நாள் பொறுத்தாச்சு."

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். நர்ஸ் இரண்டு தடவை ரோடு வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். கடைசியில், "தப்பா நினைச்சுக்காதீங்க, அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று அனுப்பிவிட்டாள்.

கரகரப்புக்கு இருமல். மைக்கின் மேல் உறை கிழிந்திருக்கிறது, மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

அக்கா


ஆகஸ்ட் 9

அக்கா,

என்ன வீடு இது!

டிவியில் சொன்ன அடுத்த வகை என் தட்டுக்கு எப்போதோ வந்துவிட்டது. எண்ணைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அதையும் பிடித்துக்கொண்டு இன்னும் ஒரு வருஷம் உட்கார்ந்திருப்பார். இதை மட்டும் சொல்: கிருமி முன்னால் ஓடும், ஊசி பின்னால்தான் ஓடும். முழுக்கப் பொருந்தும் ஊசி என்று ஒன்று என்றைக்குமே வராது. லிஃப்ட் கம்பெனி மாடலை மாற்றினால் ஸ்பேரும் சேர்த்துக் கொடுப்பான். கிருமி அப்படிக் கொடுக்காது.

அவர் ஒருவருடைய பிடிவாதத்தால் அன்றைக்கு ஒன்பது பேர் ஊசி இல்லாமல் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். அதையும் சொல். அந்த ஒன்பது பேரில் யாருக்காவது ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று கேள். என்ன பதில் சொல்கிறார் என்று எனக்கு எழுது. இதை ஆறப்போடாதே, மற்றதெல்லாம் அப்புறம்.

கரகரப்பை வெந்நீர் குடிக்கச் சொல்.

தம்பி


ஆகஸ்ட் 25

அக்கா,

பதில் இல்லை. சட்டத்தை மீறிப் போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. மறுபடி செய்தேன், அப்பா எடுத்தார். "அவ தூங்குறாடா. எதுன்னாலும் எழுது" என்று வைத்துவிட்டார். பகல் பதினொரு மணிக்கு என்ன தூக்கம்? நைட் டியூட்டி போட்டுவிட்டார்களா?

என் மேல் கோபமா? அப்பாவிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில் வீட்டில் சண்டையா? எதுவாக இருந்தாலும் எழுது. அவர் போட்டாரா இல்லையா என்று ஒரு வார்த்தை.

தம்பி


செப்டம்பர் 5

மகனுக்கு அப்பா எழுதுவது.

நான் நலம். உன் அக்கா விஷயம் கீழே.

உன் கடைசிக்கு முந்தின கடிதம் வந்தபோது அவளுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். படுத்தபடியே எனக்குப் படித்துக் காட்டினாள். அந்த ஒன்பது பேரில் யாருக்காவது ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று நீ கேட்டிருந்த இடம் வந்ததும் நிறுத்திவிட்டாள். இருமலால் நிறுத்தினாள் என்று நினைத்தேன். மறுநாள் மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். ஆக்ஸிஜன் வைத்தார்கள். போன செவ்வாய்க்கிழமை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். உயிருக்கு ஒன்றும் இல்லை. சுவரைப் பிடித்து நடக்கிறாள்.

"அவனுக்குச் சொல்லாதீங்க, கையில கிருமியை வச்சுட்டு வேலை பாக்கறவன், பதறிட்டான்னா அவனுக்கு ஆபத்து" என்றாள். அதனால் சொல்லவில்லை. போனில் சொன்னால் நீ கத்துவாய், அதைக் கேட்க எனக்கும் தெம்பு இல்லை. இப்போது கத்திக்கொள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "மூணாவது ஊசி போட்டிருக்காங்களா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஒரே வீட்டில் இருக்கிறேன், தெரியவில்லை. அவளே தலையை ஆட்டி இல்லை என்றாள். ஒரு தடவை தனியாகப் போய்த் திரும்பி வந்திருக்கிறாள். அந்த ஞாயிற்றுக்கிழமை பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒன்பது பேரில் அவள் ஒன்பதாவது. நான் வந்திருந்தால் பத்து. குப்பி திறந்திருக்கும். ஒரு வாரத்தில் அது எந்த அளவு காப்பாற்றியிருக்கும் என்று நீ கணக்குச் சொல்வாய். சொல்லாதே.

நீயும் அவளைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. உன்னைக் குற்றம் சொல்லவில்லை. நீ தூரத்தில் இருக்கிறாய்.

அவள் வீட்டுக்கு வந்த மறுநாளே நர்ஸிடம் போனேன். "பெரியவரே, பத்து பேர்" என்று ஆரம்பித்தாள். "இரும்மா" என்றேன். என் ஆட்கள் நான்கு பேரையும் லிஃப்டிலிருந்து இறக்கிக் கூட்டி வந்தேன். "புதுசு வரட்டும்னீங்களேண்ணே?" என்றான் ஒருவன். "வாயை மூடிட்டு நடடா" என்றேன். என்னோடு ஐந்து. நேராகப் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க் கரகரப்பிடம் சொன்னேன். இருமலிலிருந்து அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தான். மைக்கை எடுத்து, "சுகாதார நிலையத்துக்கு இன்னும் அஞ்சு பேர், அஞ்சே அஞ்சு பேர், வந்தா உடனே கிளம்பிடலாம்" என்று ஷேர் வண்டிக்கு ஆள் கூப்பிடுவது மாதிரி அந்தக் குரலில் கூப்பிட்டான். சிரித்துக்கொண்டே ஏழு பேர் வந்தார்கள். இரண்டு பேர் அதிகம். நர்ஸ் தலையில் கை வைத்துக்கொண்டாள். அவர்களுக்காக இன்னொரு குப்பியைத் திறந்தாள்.

எனக்குப் போட்டது எந்த மாடல் என்று கேட்கவில்லை.

அப்பா


செப்டம்பர் 17

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீ நலமா?

அப்பா எழுதியிருப்பார். அவர் எழுதினால் எல்லாமே இடிந்து விழுந்தது மாதிரி இருக்கும். அவ்வளவு இல்லை.

உன் போன் அடித்ததை எல்லாம் பார்த்தேன். எடுக்கவில்லை. பேசினால் நடுவில் நிற்கிறது. எழுதினால் நிற்பது தெரியாது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்துக்கொள்கிறேன். இந்தக் கடிதத்துக்கு இரண்டு நாள் ஆயிற்று.

நேற்றுக் கண்ணாடி முன் நின்று மூன்றாம் பிளாட்பாரத்தைச் சொல்லிப் பார்த்தேன். நான்காவது ஊரோடு வண்டி நின்றுவிட்டது. கொஞ்சம் நிறுத்தி மறுபடி எடுத்தேன். ஆறாவது வரை போயிற்று. ஆபீஸில் டிக்கெட் கவுண்டருக்கு மாற்றிவிடுகிறோம் என்கிறார்கள். யோசிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

அப்பா இப்போது டிவி போடுவதில்லை. சாயங்காலம் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "எத்தனை ஊர் ஆச்சு?" என்று கேட்கிறார். எத்தனை சொன்னாலும் "பரவாயில்லையே" என்கிறார்.

உன் விரல் ஆறிவிட்டதா? நீ சொல்லவே இல்லை.

அக்கா


செப்டம்பர் 22

அக்கா,

நீ நலமா?

விரல் ஆறிவிட்டது. கையுறையை ஒரு அளவு பெரிதாக வாங்கினேன். ஜூன் மாதமே ஆறிவிட்டது. எழுதியிருக்கலாம், ஒரு வரிதான்.

இங்கே அடுத்த தட்டு ஓடுகிறது. அடுத்த எண் வந்துவிட்டது, அடுத்த விவாதமும் வந்துவிட்டது. நேற்று அதே கோட்டு, அதே கண்ணாடி. அறைத் தோழன் சத்தமாக வைத்திருந்தான். அணைக்கச் சொல்லிக் கத்தினேன். பிறகு உன் கடிதங்களை எடுத்து வரிசையாக வைத்துப் படித்தேன். ஜன்னல் இல்லாத கூண்டு. இரண்டு பேருக்கு ஒரு மைக். "உங்க ஒருத்தருக்காக." "உட்கார்ந்திருந்தோம்." எல்லாம் எழுதியிருக்கிறாய். தப்பு எங்கே என்று தட்டில் ஒரு குழி விடாமல் தேடுகிறவன் நான்.

இன்னும் கொஞ்ச காலம் கழித்து உனக்கும் ஊசி போட வேண்டியிருக்கும். எப்போது என்று உன் டாக்டரைக் கேட்டு எழுது. ஆள் சேர்க்க நான் வருகிறேன். மாதக் கடைசியில் லீவு கொடுத்திருக்கிறார்கள். எந்த வண்டி, எந்த பிளாட்பாரம் என்று நீதான் சொல்ல வேண்டும், எவ்வளவு நேரம் ஆனாலும் நின்று கேட்கிறேன்.

மற்ற எதற்கும் பதில் எழுதிக் களைத்துப்போகாதே. முதல் வரிக்கு மட்டும் எழுது. எனக்கு அவசரம் இல்லை.

தம்பி